விர்ச்சுவல் மெஷினில் டிசைன் சாஃப்ட்வேர்: கிராபிக்ஸ் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேக் வாங்கியபின் ரெவிட் படிக்க வேண்டியிருக்கும் கட்டடக்கலை மாணவர்கள், லினக்ஸில் வேலை செய்துகொண்டே வாடிக்கையாளர் அனுப்பும் சாலிட்வொர்க்ஸ் கோப்பைத் திறக்க வேண்டிய டிசைனர்கள் என்று பலர் என்னிடம் கேட்டாலும், சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும். விர்ச்சுவல் மெஷின் என்பது உங்கள் கணினிக்குள் சாஃப்ட்வேராலேயே உருவாக்கப்படும் இன்னொரு கணினி. ஹோஸ்ட் என்று நான் சொல்வது உங்கள் நிஜக் கணினியை; கெஸ்ட் என்பது அதற்குள் ஓடும் இயங்குதளத்தை, பெரும்பாலும் விண்டோஸை.

1. அண்ணா, மேக்ல ரெவிட், சாலிட்வொர்க்ஸ் ஓடுமா ஓடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஓடும். ஆனால் எந்த அளவுக்கு என்பது உங்கள் மாடலைப் பொறுத்தது. இரண்டுமே விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டவை. இன்டெல் சிப் உள்ள மேக்கில் பூட்கேம்ப் என்ற ஆப்பிள் கருவி மூலம் விண்டோஸை நேரடியாகவே நிறுவ முடிந்தது. 2020 இறுதியில் வந்த எம்1 என்ற ஆப்பிளின் சொந்தச் சிப் முதல் அந்த வழி இல்லை. பேரலல்ஸ் அல்லது விஎம்வேர் ஃப்யூஷன் என்ற விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேருக்குள், ஆப்பிள் சிப்பின் வகையான ஆர்முக்கென்று உள்ள விண்டோஸ் 11 போட்டு, அதன்மேல் சாஃப்ட்வேரை ஓட்ட வேண்டும். சிறு பாகங்கள், ஒரு வீட்டு மாடல், வகுப்புப் பயிற்சி இவற்றுக்கு இது தாராளமாகப் போதும். நூற்றுக்கணக்கான பாகங்கள் உள்ள அசெம்பிளி என்றால் திணறும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆட்டோடெஸ்க் ஃப்யூஷன் இவற்றுக்கெல்லாம் மேக் பதிப்பே உண்டு. அவற்றை விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டு அவதிப்பட வேண்டியதில்லை. அப்புறம், பேரலல்ஸில் சாலிட்வொர்க்ஸ் ஓடினாலும் அதைத் தயாரிக்கும் நிறுவனம் அந்த அமைப்பை ஆதரிப்பதில்லை. சிக்கல் வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2. என் லேப்டாப்ல நல்ல என்விடியா கார்டு இருக்கு. விர்ச்சுவல் மெஷினுக்குள்ள அது ஏன் தெரியவே மாட்டேங்குது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கெஸ்டுக்குள் இருக்கும் விண்டோஸ் உங்கள் நிஜ கார்டைப் பார்ப்பதே இல்லை. விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் ஒரு கற்பனைக் கார்டைச் செய்து அதன் முன் வைக்கிறது. விஎம்வேரில் அதன் பெயர் விஎம்வேர் எஸ்விஜிஏ 3டி. பேரலல்ஸிலும் விர்ச்சுவல்பாக்ஸிலும் அவரவர் பெயரில் ஒன்று இருக்கும்.

ரெவிட் ஒரு முக்கோணத்தை வரையச் சொன்னால், அந்தக் கட்டளை டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் கிராபிக்ஸ் மொழியில் கற்பனைக் கார்டின் டிரைவருக்குப் போகிறது. அந்த டிரைவர் அதை ஹோஸ்டுக்கு அனுப்புகிறது. ஹோஸ்டில் அது மேக் என்றால் மெட்டல் என்ற ஆப்பிளின் கிராபிக்ஸ் மொழியாகவும், லினக்ஸ் என்றால் ஓபன்ஜிஎல் அல்லது வல்கன் என்ற கிராபிக்ஸ் மொழியாகவும் மாற்றப்பட்டு, அதன்பிறகுதான் நிஜ கார்டை அடைகிறது. ஆக ஐந்து கண்ணிகள்: சாஃப்ட்வேர், கெஸ்ட் டிரைவர், மாற்றும் அடுக்கு, ஹோஸ்ட் டிரைவர், நிஜ கார்டு. எந்தக் கோளாறாக இருந்தாலும் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். எந்தக் கண்ணி என்று தெரியாமல் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டே போவதுதான் நேரத்தைத் தின்கிறது.

3. சரி, எந்த இடத்துல கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கெஸ்டுக்குள் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பேரலல்ஸ், விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ் என்று தொடங்கும் பெயர் இருந்தால் டிரைவர் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றால் டிரைவரே இல்லை; அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இரண்டாவது, ஓபன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன்ஸ் வியூவர் என்ற இலவசக் கருவியை கெஸ்டுக்குள் ஓட்டுங்கள். ரெண்டரர் என்ற இடத்தில் ஜிடிஐ ஜெனரிக் என்றும் பதிப்பு 1.1 என்றும் வந்தால், 3டி வேலை முழுவதையும் ப்ராசஸரே மூச்சுத்திணறச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் சாலிட்வொர்க்ஸுக்குள் எதை மாற்றினாலும் பலன் இருக்காது.

மூன்றாவது, ஹோஸ்டில் டாஸ்க் மேனேஜரையோ மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரையோ திறந்து வைத்துக்கொண்டு, கெஸ்டில் மாடலைச் சுழற்றுங்கள். ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் ப்ராசஸரின் பயன்பாடு அசையவே இல்லை என்றால் கட்டளை ஹோஸ்ட் வரை வரவில்லை. அசைகிறது, ஆனாலும் படம் கெட்டிருக்கிறது என்றால் மாற்றும் அடுக்கைச் சந்தேகப்படலாம்.

4. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னுதான் காட்டுது. என்விடியா சைட்ல இருந்து டிரைவர் இறக்கிப் போடலாமா?

போட வேண்டாம், போட்டாலும் ஏறாது. கெஸ்டுக்குள் இருப்பது என்விடியா கார்டு அல்ல என்பதை 2-இல் பார்த்தோம். தேவையான டிரைவர் விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேருடனே வருகிறது: பேரலல்ஸில் பேரலல்ஸ் டூல்ஸ், விஎம்வேரில் விஎம்வேர் டூல்ஸ், விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ். அதை நிறுவி, கெஸ்டை ஒருமுறை முழுதாக அணைத்து ஏற்றுங்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் டிரைவர்களைப் புதுப்பிக்க வேண்டிய இடம் ஹோஸ்ட்.

3டி ஆக்சிலரேஷன் என்ற டிக் விர்ச்சுவல் மெஷினின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இருக்கும். அது மங்கலாகி மாற்ற முடியாமல் இருந்தால், மெஷின் சஸ்பெண்ட் நிலையில் இருக்கிறது. ஷட்டவுன் செய்தால்தான் திறக்கும்.

5. டிஎக்ஸ்டியாக்ல டைரக்ட்எக்ஸ் 12ன்னு தெளிவா இருக்கு. ஆனா சாஃப்ட்வேர் 12 இல்லைங்குது. எதை நம்புறது?

சாஃப்ட்வேரை நம்புங்கள். டிஎக்ஸ்டியாக் என்ற விண்டோஸ் சோதனைக் கருவியின் முதல் பக்கத்தில் வரும் 12 என்பது விண்டோஸுடன் வரும் டைரக்ட்எக்ஸ் நூலகத்தின் பதிப்பு. கார்டு என்னவாக இருந்தாலும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது 12 என்றுதான் காட்டும். பார்க்க வேண்டியது டிஸ்ப்ளே தாவலில் உள்ள ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரி. கற்பனைக் கார்டு உண்மையில் எதைச் செய்யும் என்பது அங்கேதான் தெரியும். அந்தப் பட்டியல் 11 வரிசையில் நின்றுவிட்டால், 12 கேட்கும் எதுவும் அந்த மெஷினில் ஓடாது.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் டைரக்ட்எக்ஸ் 11 வந்தது 16-ஆம் பதிப்பில், ஓபன்ஜிஎல் 4.3 வந்தது 17-இல். பேரலல்ஸ் 11-ஐத் தருகிறது. ஆப்பிள் சிப் மேக்கில் அதன் 19-ஆம் பதிப்பு முதல் ஓபன்ஜிஎல் 4.1 கிடைக்கிறது. 4.1 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. ஆப்பிள் தன் கணினிகளில் ஓபன்ஜிஎல்லை 4.1-இலேயே நிறுத்திவிட்டு, 2018-இல் மோஹாவி வந்தபோது அதைக் கைவிடுவதாகவும் அறிவித்துவிட்டது.

6. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தானே, அதுலயே ஓட்டிக்கலாமே சார்?

2டி வரைபடத்துக்கு ஓட்டலாம். 3டி மாடலிங்குக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதன் வீடியோ மெமரி உச்சவரம்பே 3டி ஆக்சிலரேஷன் போட்டால் 256 எம்பிதான். பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் 7.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள். 3டி பகுதி அதில்தான் புதிதாக எழுதப்பட்டது. விண்டோஸ் கெஸ்டுக்கு கிராபிக்ஸ் கன்ட்ரோலராக விபாக்ஸ்எஸ்விஜிஏ இருக்க வேண்டும். லினக்ஸ் கெஸ்டுக்கான வழிகாட்டியைப் பார்த்து விஎம்எஸ்விஜிஏ வைத்துவிட்டு, திரை சுருங்கிப்போகிறது என்று வருபவர்கள் பலர்.

இலவசம் மட்டும்தான் காரணம் என்றால், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் ஃப்யூஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். நிறுவனங்களுக்கும் சேர்த்தே. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. மாடலைச் சுத்துனா முகங்கள் காணாமப் போகுது, கறுப்புத் திட்டா வருது, செலக்ட் பண்ண கோடு தெரியல. என்ன செய்ய?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கற்பனைக் கார்டு எல்லாக் கட்டளைகளையும் தெரியும் என்று சொல்லிவிட்டு, சிலவற்றைத் தப்பாகச் செய்யும்போது இப்படி ஆகும். அதனால் தீர்வு பெரும்பாலும் சாஃப்ட்வேர் கேட்பதைக் குறைப்பதில் இருக்கிறது.

சாலிட்வொர்க்ஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ஆப்ஷன்ஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போங்கள். முதலில் என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற டிக்கை எடுங்கள். அது ஓபன்ஜிஎல் 4.5 கேட்பது, 5-இல் சொன்ன 4.1-உம் 4.3-உம் அதற்குப் போதாது. திட்டுகள் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகவில்லை என்றால் யூஸ் சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல் என்பதைப் போடுங்கள். கோப்பு ஏதாவது திறந்திருந்தால் அந்த டிக் மங்கலாக இருக்கும்; எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போடுங்கள். எந்தக் கோப்பும் திறக்காதபோதே அது தானாக டிக் ஆகி மங்கலாக இருந்தால், சாலிட்வொர்க்ஸ் உங்கள் டிரைவரை ஏற்கவில்லை, 3-க்குத் திரும்புங்கள். சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல்லில் படம் சரியாக வரும், வேகம் குறையும். படம் சரியாக வருகிறது என்பதே ஒரு தடயம்: கோப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு டிரைவர் பக்கம்தான் என்று உறுதியாகிவிடும்.

ரெவிட்டில் ஆப்ஷன்ஸுக்குள், பதிப்பைப் பொறுத்து கிராபிக்ஸ் அல்லது ஹார்டுவேர் தாவலில், யூஸ் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இருக்கும். அதை எடுத்துவிட்டு ரெவிட்டை மூடித் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஆட்டோகேட் என்றால் கிராபிக்ஸ், கான்ஃபிக் என்ற இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் கமாண்ட் லைனில் அடியுங்கள். வரும் பெட்டியில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை ஒரேயடியாக அணைப்பதற்கு முன், ஸ்மூத் லைன் டிஸ்ப்ளேயையும் நிழல்களையும் மட்டும் அணைத்துப் பாருங்கள். வேகத்தை இழக்காமலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு.

8. சாலிட்வொர்க்ஸ்ல ரியல்வியூ பட்டன் அமுக்கவே முடியல. ரெஜிஸ்ட்ரில ஏதோ மாத்தினா வரும்ங்கிறாங்களே?

ரியல்வியூ என்பது மாடலை நிஜப் பொருள்போலக் காட்டும் வசதி. அது சான்றளிக்கப்பட்ட கார்டுகளுக்குத்தான் திறக்கும். கற்பனைக் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. ரெஜிஸ்ட்ரியை மாற்றி ஏமாற்றுவது உண்டுதான், ஆனால் விர்ச்சுவல் மெஷினில் அது 7-இல் சொன்ன திட்டுகளைத்தான் கூட்டும். மாடலின் அளவிலோ வடிவத்திலோ ரியல்வியூவால் எந்த மாற்றமும் இல்லை. அழகான படம் வேண்டும் என்றால் கடைசியில் ரெண்டர் செய்துகொள்ளுங்கள்.

9. வீடியோ மெமரியை 8 ஜிபி ஆக்கிட்டா வேகமாயிடுமா?

ஆகாது. அந்த மெமரி எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை. உங்கள் ராமும் கார்டும்தான் அதைக் கொடுக்க வேண்டும். 16 ஜிபி இயந்திரத்தில் கெஸ்டுக்கு 8 ஜிபி கொடுங்கள். பாதிக்கு மேல் கொடுத்தால் ஹோஸ்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கி இரண்டுமே நின்று நின்று ஓடும். ஆப்பிள் சிப்பில் ராமும் கிராபிக்ஸ் மெமரியும் ஒன்றேதான் என்பதால் இன்னும் கவனம் தேவை. 8 ஜிபி மேக்கில் ரெவிட் ஓட்ட முயல வேண்டாம் என்றே சொல்வேன். பேரலல்ஸில் ஆட்டோமேட்டிக் என்று விட்டுவிடுவதே நல்லது.

இதோடு சேர்த்து ஒன்று. சேவ் செய்யும்போதும் திறக்கும்போதும் மட்டும் திரை உறைந்தால் அது கிராபிக்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பேரலல்ஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகள் மேக்குடன் பகிரப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு அவை நெட்வொர்க் டிரைவ் போலத் தெரியும். ஏராளமான இணைப்புக் கோப்புகள் உள்ள அசெம்பிளியை அங்கிருந்து திறந்தால் இழுக்கத்தான் செய்யும். கெஸ்டின் சொந்த சி டிரைவுக்குக் கோப்பை நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

10. ஐகானெல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கு. பெருசாக்கினா எழுத்து மங்குது. நடு வழி இல்லையா?

ரெட்டினா, 4கே திரைகளில் இது வரும். பேரலல்ஸின் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ரெட்டினாவுக்கு ஏற்றது, அதிக இடம் தருவது என்று தெரிவுகள் உண்டு. ரெட்டினாவை வைத்துக்கொண்டு, விண்டோஸில் ஸ்கேலை 200 சதவீதமாக்குங்கள். அதிலும் ஒரு சாஃப்ட்வேர் மட்டும் மங்கினால் அதன் ஐகானில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அங்கே ஓவர்ரைடு என்பதை டிக் செய்து அப்ளிகேஷன், சிஸ்டம், சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கர்சர் ஓரிடத்திலும் கிளிக் வேறிடத்திலும் விழுந்தால் அதுவும் இதே குடும்பம்தான். வெவ்வேறு ஸ்கேல் உள்ள இரண்டு திரைகளுக்கிடையே ஜன்னலை இழுத்திருப்பீர்கள். ஒரே திரையில் வைத்து சாஃப்ட்வேரை மூடித் திறங்கள்.

11. ஹோஸ்ட் விண்டோஸ்தான். டாஸ்க் மேனேஜர்ல என்விடியா 0%, இன்டெல் 100%. கார்டு சும்மா கிடக்குது.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப்பில் எந்த நிரலுக்கு எது என்பதை விண்டோஸ் முடிவுசெய்கிறது. விர்ச்சுவல் மெஷினைச் சாதாரண நிரல் என்று எண்ணி இன்டெலிடம் கொடுத்துவிடுகிறது. ஹோஸ்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் நிரலைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். சேர்க்க வேண்டியது நீங்கள் கிளிக் செய்யும் முகப்பு நிரலை அல்ல. விஎம்வேரில் விஎம்வேர்-விஎம்எக்ஸ் என்ற கோப்பு, விர்ச்சுவல்பாக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ்விஎம் என்ற கோப்பு. மெஷினை உண்மையில் ஓட்டுவது அவைதான்.

12. விர்ச்சுவல்பாக்ஸ் கீழே பச்சை ஆமை படம் வருது. அது என்ன?

உங்கள் ஹோஸ்ட் விண்டோஸில் ஹைப்பர்-வி என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அடுக்கு இயங்குகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேலேறி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போன்றவையும் அந்த அடுக்கை இயக்கிவிடும். அணைத்தால் வேகம் வரும், ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு அம்சம். அலுவலகக் கணினியில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

13. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்டேட் ஆனதும் எல்லாம் போச்சு.

எது அப்டேட் ஆனது என்று பிரித்துப் பாருங்கள். ஹோஸ்ட் இயங்குதளமோ விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேரோ மாறியிருந்தால், கெஸ்டில் உள்ள டூல்ஸ் பழையதாகவே நின்றிருக்கும், மறுபடி நிறுவுங்கள். விஎம்வேரில் இன்னொன்றும் உண்டு. பழைய பதிப்பில் உருவாக்கிய மெஷின் அதே பழைய ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி பதிப்பு எண்ணோடு இருக்கும். டைரக்ட்எக்ஸ் 11-க்கு அது குறைந்தது 18 ஆக இருக்க வேண்டும். மெஷினை அணைத்துவிட்டு மேனேஜ் மெனுவில் மாற்றலாம்.

நன்றாக ஓடும் நாளில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் ப்ராஜெக்ட் கோப்புகளின் நகல் வெளியேயும் இருக்கட்டும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது அதன்பின் கெஸ்டுக்குள் செய்த வேலையும் போய்விடும்.

14. லூமியான், வி-ரே ஜிபியு இதெல்லாம் உள்ளே ஓடுமா?

இரண்டுமே மாடலை ரெண்டர் செய்யும் சாஃப்ட்வேர்கள். லூமியானை நம்ப வேண்டாம். நிஜ கார்டின் முழு பலத்தையும் கேட்கும் சாஃப்ட்வேர் அது. அதன் தயாரிப்பாளர்களும் விர்ச்சுவல் மெஷினை ஆதரிப்பதில்லை. வி-ரே ஜிபியு முக்கியமாக நம்பியிருப்பது என்விடியா கார்டுகளுக்கே உரிய குடா என்ற வசதியை. கற்பனைக் கார்டில் குடா இல்லை. வி-ரேயை சிபியு முறையில் ஓட்டலாம், மெதுவாக முடியும். மேக் என்றால் ரெவிட்டிலிருந்து மாடலை ஏற்றுமதி செய்து, மேக்கிலேயே நேரடியாக ஓடும் ட்வின்மோஷனிலோ பிளெண்டரிலோ ரெண்டர் செய்வதுதான் நிம்மதியான வழி.

15. நிஜ கார்டையே கெஸ்டுக்குக் கொடுத்துட முடியாதா?

முடியும், லினக்ஸ் ஹோஸ்டில். லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அடுக்கான கேவிஎம்-உடன் விஎஃப்ஐஓ என்ற வசதி, கார்டை ஹோஸ்டிடமிருந்து பிரித்து அப்படியே கெஸ்டிடம் கொடுத்துவிடும். 2-இல் சொன்ன நடு அடுக்குகள் எல்லாம் போய்விடும். இங்கே என்விடியா டிரைவரை கெஸ்டிலேயே நிறுவ வேண்டும். பயாஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யு இயங்க வேண்டும். ஹோஸ்டுக்குத் தனியாக இன்னொரு கார்டு, ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதாவது, வேண்டும்.

என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டில், கெஸ்டுக்குள் டிரைவர் ஓட மறுக்கும் கோட் 43 என்ற பிழை முன்பு பலரைத் திருப்பி அனுப்பியது. 2021-இல் வந்த 465 வரிசை டிரைவரிலிருந்து கெஸ்டுக்குள் அந்தக் கார்டு ஓடுவதை என்விடியாவே அனுமதித்துவிட்டது. பழைய கட்டுரைகளில் உள்ள சுற்றுவழிகள் இப்போது தேவையில்லை. ஆப்பிள் சிப் மேக்கில் இந்த வழியே கிடையாது. கார்டைக் கெஸ்டுகளுடன் பகிரும் ஹைப்பர்-வியின் ரிமோட்எஃப்எக்ஸ் பற்றிப் படித்திருந்தால், பாதுகாப்புக் குறையால் மைக்ரோசாஃப்ட் அதை 2021-இல் நீக்கிவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

16. கெஸ்டுக்குள்ள நேரா பார்த்தா நல்லா இருக்கு. ரிமோட் டெஸ்க்டாப்ல போனா மட்டும் சாஃப்ட்வேர் திறக்க மாட்டேங்குது.

ரிமோட் டெஸ்க்டாப் தனக்கென்று ஒரு டிஸ்ப்ளே டிரைவரை நடுவில் வைக்கிறது. 3-இல் சொன்ன கருவியை அந்த இணைப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். ஜிடிஐ ஜெனரிக் என்று வந்தால் காரணம் அதுதான். 15-இல் சொன்னபடி நிஜ கார்டைக் கொடுத்திருந்தால், குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸின் கீழ், எல்லா செஷன்களுக்கும் ஹார்டுவேர் கிராபிக்ஸ் அடாப்டரைப் பயன்படுத்து என்ற விதியை இயக்குங்கள். கற்பனைக் கார்டுதான் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு, ஹோஸ்டின் திரையைப் பகிரும் நிரல் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

17. நாளைக்கு சப்மிஷன். ஓபன்ஜிஎல் பிழை காட்டி மூடிக்குது. இப்ப என்ன அண்ணா செய்யறது?

இந்த இரவில் டிரைவரைச் சரிசெய்ய உட்கார வேண்டாம். சாலிட்வொர்க்ஸ் திறக்கிறது, மாடல்தான் திறக்கவில்லை என்றால், 7-இல் சொன்ன சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல்லைப் போட்டு அசெம்பிளியை லார்ஜ் டிசைன் ரிவ்யூ முறையில் திறங்கள். பார்க்கவும் அளக்கவும் அது போதும். வேறு ஏதாவது சாஃப்ட்வேர், ஓபன்ஜிஎல் பதிப்பு போதாது என்று சொல்லித் திறக்கவே மறுத்தால், மீசா என்ற இலவச கிராபிக்ஸ் நூலகத்தின் விண்டோஸ் கோப்புகளை இறக்கி, அதிலுள்ள ஓபன்ஜிஎல்32 என்ற டிஎல்எல்லையும் உடன் வரும் மற்ற டிஎல்எல்களையும் அந்த சாஃப்ட்வேரின் இயக்கக் கோப்பு இருக்கும் கோப்புறையில் மட்டும் வையுங்கள். விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். மீசா ப்ராசஸரைக் கொண்டே ஓபன்ஜிஎல் 4.5 தரும். மாடல் ஒரு நொடிக்கு ஒருமுறைதான் நகரும், ஆனால் டிராயிங்கைப் பிடிஎஃப் ஆக்கி எடுத்துவிடலாம்.

அதுவும் முடியவில்லை என்றால் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, விண்டோஸ் நேரடியாக ஓடும் கல்லூரி லேபுக்கோ நண்பர் வீட்டுக்கோ போங்கள். சாலிட்வொர்க்ஸ் என்றால் பேக் அண்ட் கோ, ரெவிட் என்றால் இ-டிரான்ஸ்மிட் மூலம் இணைப்புக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். அங்கே உள்ள பதிப்பு உங்களுடையதைவிடப் பழையது இல்லையா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழைய ரெவிட் திறக்காது.